எலி விழுந்த வீடும் சர்க்கார் உத்தரவும்

கோயம்புத்தூரின் பழைய பேட்டைகளில் நடந்து செல்கிறவர், தலைமுறை தலைமுறையாய் வழங்கிவரும் அம்மன் கோயில்களுக்கு நடுவே, பிளேக் மாரியம்மன் என்று முகப்பில் எழுதிய சிறு கோயில்கள் சிலவற்றையும் காண்பார். ஈரோட்டுப் பெரிய மாரியம்மனுக்கும் கோவைக் கோனியம்மனுக்கும் இருக்கிற பழைமையும் பெருமையும் இந்த அம்மனுக்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நாட்டைச் சூறையாடிய ஒரு கொள்ளை நோயின் பெயரைச் சூடிக்கொண்டு, அந்த நோய் போன பிறகும் தன் இடத்தை விட்டுப் போகாமல் அவள் அமர்ந்திருக்கிறாள். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, கோவையை அடுத்த இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் 'கொரோனா தேவி' என்று ஒரு சிலையை வைத்து வழிபாடு தொடங்கினார்கள் என்ற செய்தி வந்தபோது, நாட்டின் மற்றப் பகுதிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோவைக்காரர்களில் வயதானவர்களுக்கு அது புதிதாகத் தோன்றியிராது.

இவ்விரண்டையும் ஜனங்களின் அறியாமை என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு அப்பால் போவது படித்தவர்களுக்கு வெகு சுலபம். ஆனால் நோய்ப் பரவலை ஆராய்கிற விஞ்ஞானத்துக்கு அந்தச் சுலபம் உதவாது. பிளேக் வந்த காலத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, தடுப்பூசி இருந்தது, கலெக்டரின் உத்தரவு இருந்தது; இவ்வளவும் இருக்க, ஜனங்கள் இவற்றை விட்டு அம்மனிடம் ஏன் போனார்கள் என்று கேட்டால், அம்மன் யாருடைய வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை, யாருடைய பெண்டிரையும் ரயில் மேடையில் நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்க்கச் சொல்லவில்லை என்பது விடையின் ஒரு பாதியாகும். மற்றப் பாதி இன்னும் சுவாரசியமானது. அந்த நாளில் சர்க்கார் விஞ்ஞானம் என்று சொல்லிச் செய்த காரியங்களில் பெரும்பகுதி விஞ்ஞானப்படியே பிழையானவை.

1894இல் ஹாங்காங்கில் அலெக்ஸாண்டர் எர்ஸன் பிளேக்கின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896இல் அந்நோய் கப்பல் வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1898இல் ரயில் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மைசூர்ப் பீடபூமியை அடுத்திருந்த கொங்கு நாட்டுக்குள்ளும் இறங்கியது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 53,080 பேர் இருந்த கோயம்புத்தூர் நகரத்தில் 1911இல் 47,007 பேரே இருந்தார்கள். ஆலைகளும் ரயிலும் வந்து வளரவேண்டிய ஒரு நகரம் பத்தாண்டில் ஆறாயிரம் பேரை இழந்து சுருங்கிற்று என்றால், செத்தவர்கள் போக, பயந்து ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கோவை வட்டாரத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இந்நோயால் மாண்டார்கள்.

நோயை எதிர்க்க அரசாங்கத்தார் கையில் எடுத்த ஆயுதம் 1897ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டம். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும் அந்தச் சட்டம், எந்த ஆளையும் சோதிக்கவும், எந்தப் பயணியையும் தடுக்கவும், நோயாளி என்று சந்தேகிக்கப்பட்டவரைத் தனி இடத்தில் வைக்கவும் உத்தியோகஸ்தர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. நல்லெண்ணத்துடன் செய்த எந்தக் காரியத்துக்காகவும் அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்தது. புனாவில் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை செய்ததும், அதன் பலனாக 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் சரித்திரப் பிரசித்தமானவை. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில் பம்பாய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் தாக்கினார்கள். உள்ளே போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்பது அவர்களுடைய அனுபவம். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அங்கே இறந்ததனால் ஏற்பட்ட எண்ணம் அது என்று இன்று நாம் விளக்கலாம்; அன்று விளக்குவதற்கு அங்கே யாரும் இல்லை. சென்னை மாகாணத்தில் பட்டாளத்துக் கெடுபிடி அவ்வளவு இல்லை. எனினும் நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டை வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினந்தோறும் அதிகாரியின் முன்னால் ஆஜராகவேண்டும் என்ற விதி இங்கே இருந்தது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பத்து நாள் ஆஜர் என்பது பத்து நாள் கூலிக்குப் பிடித்த கேடு. அவன் ரயிலை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்து ஊருக்குள் புகுந்தான். சீட்டுக்குப் பயந்தவன் நோயைச் சுமந்து வந்தானோ இல்லையோ, அதிகாரிகளின் கணக்கிலிருந்து மறைந்துபோனான் என்பது மட்டும் நிச்சயம்.

இனி அந்த விஞ்ஞானத்தைப் பார்ப்போம். கிருமி இன்னதென்று தெரிந்த பிறகும், அது மனிதனுக்குள் எப்படிப் புகுகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. அசுத்தமான மண், கெட்ட காற்று, நோயாளியின் துணிமணி ஆகியவற்றில் அது குடியிருக்கிறது என்று நம்பி, வீட்டுத் தரையில் கார்பாலிக் அமிலத்தை ஊற்றினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெயில் படவேண்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்தார்கள், ஏழையின் பாயையும் கந்தலையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து, செத்த எலியின் உடம்பிலிருந்து இறங்கும் தெள்ளுப்பூச்சியே நோயை அடுத்த உயிருக்குக் கொண்டு போகிறது என்று எழுதினார். அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்த பிளேக் கமிஷன் அதை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் அமைந்த ஆராய்ச்சிக் குழுவினர், நோய் கண்ட வீடுகளுக்குள் கினிப் பன்றிகளைக் கூண்டிலிட்டு, சில கூண்டுகளைத் தரையை ஒட்டியும் சிலவற்றைத் தெள்ளு குதித்து எட்டமுடியாத உயரத்திலும் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான், உயரத்தில் இருந்தவை பிழைத்தன, தாழ்வில் இருந்தவை செத்தன என்பது தெளிவாயிற்று. ஒரே அறையின் ஒரே காற்றைச் சுவாசித்த பிராணிகள் அவை. காற்றின் மேல் சுமத்திய குற்றம் அன்றோடு தீர்ந்தது. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் ஊற்றிய கார்பாலிக் அமிலம், எலியின் மயிருக்குள் பத்திரமாய் இருந்த தெள்ளைத் தொடவே இல்லை.

ஆனால் எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. மோட்டு வளையிலிருந்து எலி விழுந்து செத்தது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், அரிசியையும் சட்டி பானையையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் குடியிருப்பது தென்னாட்டிலும் தக்காணத்திலும் பலர் கைக்கொண்ட வழக்கம். எலி செத்தால் அதன் உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பை விட்டு இறங்கிய தெள்ளு வேறு எலி கிடைக்காதபோது மனிதனைக் கடிக்கும். ஆகவே எலி விழுந்ததற்கும் மனிதன் படுப்பதற்கும் இடையில் கிடைக்கும் சில நாள் அவகாசமே உயிர் தப்புகிற அவகாசம் என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் எழுதியதை, ஜனங்கள் தெள்ளின் பெயரே அறியாமல் நடைமுறையில் கண்டிருந்தார்கள். கடைசியில் சர்க்காரும் கட்டாயச் சோதனையைத் தளர்த்திவிட்டு, வீட்டைக் காலி செய்து வெளியேறுவதற்கு உதவி செய்வதே சிறந்த முறை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்வதற்குள் அது இழந்த மதிப்பைத் திரும்பப் பெறுவது கார்பாலிக் அமிலம் வாங்குகிற செலவில் ஆகிற காரியமாக இல்லை.

இந்தத் தெள்ளின் கதையில் கொங்கு நாட்டாருக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு பகுதி உண்டு. சற்று நின்று சொல்லவேண்டும். கடற்கரையில், துறைமுகமும் ஜன நெருக்கடியுமாய் இருந்த சென்னைப் பட்டணத்தில் பிளேக் வேர் பிடிக்கவே இல்லை. உள்நாட்டுக் கோவையில் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது. பட்டணத்துச் சுகாதார நிர்வாகத்தின் திறமை என்று இதற்குக் காரணம் சொல்லிக்கொள்ள அதிகாரிகளுக்கு ஆசை இருந்திருக்கும். உண்மைக் காரணம் வேறு. கொழும்பு நகரசபையில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராய் இருந்த ஹர்ஸ்ட் முதலியோர், எலித் தெள்ளுகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதைக் கண்டார்கள். சென்னையிலும் கொழும்பிலும் மிகுதியாய் இருந்தது செனோப்சில்லா ஆஸ்டியா என்ற வகை. அது நோயைப் பரப்புவதில் மந்தமானது. குளிர்ந்த உள்நாட்டு மேட்டுப் பகுதிகளில் பெருகுவது செனோப்சில்லா சியோப்பிஸ். அதுவே கைதேர்ந்த கொலைகாரன். நோயுற்ற எலியின் ரத்தத்தைக் குடித்த அதன் இரைப்பையின் வாயில் கிருமிகள் பல்கி அடைப்பு உண்டாகிறது. குடித்த ரத்தம் வயிற்றுக்குள் இறங்காமையால் பசி தீராமல், அது மேலும் மேலும் கடித்து, ஒவ்வொரு கடியிலும் கிருமி கலந்த ரத்தத்தைக் கக்குகிறது என்று 1914இல் பேகட்டும் மார்ட்டினும் நிறுவினார்கள். கடும் வெயில் காலத்தில் அந்த அடைப்புக் கரைந்துவிடுகிறபடியால் நோயும் அடங்கும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றால் குளிர்ந்த கோவை, பஞ்சும் தானியமும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய கிடங்குகளோடு, இந்தத் தெள்ளுக்குச் செய்து வைத்தாற்போன்ற ஊர். ஆக, சென்னையில் சர்க்காரை நம்பியவனும் நம்பாதவனும் சமமாகப் பிழைத்தார்கள். கோவையில் நம்பி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவன், நம்பாமல் தோட்டத்துக்கு ஓடியவனைவிட அதிக ஆபத்தில் இருந்தான்.

இதைப் படித்துவிட்டு, அரசாங்கம் சொல்வதற்கெல்லாம் எதிராகச் செய்தால் க்ஷேமம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஹாஃப்கின் செய்த பிளேக் தடுப்பூசி உண்மையில் பயன் தந்தது. 1897 ஜனவரியில் அவர் அதை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அந்த ஊசி மலட்டுத் தன்மையை உண்டாக்கும், ஆண்மையைப் போக்கும், போட்டவுடன் உயிரை வாங்கும் என்று பரவிய வதந்தி பொய். ஆனால் 1902 அக்டோபர் 30ஆம் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில், ஒரே சீசாவிலிருந்து மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். தரையில் விழுந்த ஓர் இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் சீசாவைத் திறந்ததே காரணம் என்று பிறகு தெரியவந்தது. சர்க்கார் பழியை ஹாஃப்கின் தலையில் போட்டு அவரை ஒதுக்கி வைத்தது. 1907இல் ரொனால்டு ராஸ் முதலான விஞ்ஞானிகள் லண்டன் பத்திரிகையில் எழுதி வாதாடிய பிறகே அவர் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டது. நிகழ்ந்தது என்ன என்பதை ஜனங்களுக்கு விளக்க ஐந்து ஆண்டு ஆயிற்று. வதந்தி கிராமத்திலிருந்து கிராமத்துக்குப் போக ஒரு சந்தை நாள் போதும்.

ஈரோட்டில் பிளேக் பரவியபோது நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். மஞ்சள் மண்டி வியாபாரியாய், பின்னர் நகரசபைத் தலைவராய் இருந்த ஈ. வெ. ராமசாமி நாயக்கர், வசதி உள்ளவர்களெல்லாம் ஊரைக் காலி செய்து போய்க்கொண்டிருந்த அந்த நாளில் ஊரிலேயே தங்கி, நோயாளிகளுக்கு உதவியதோடு, எடுப்பார் இல்லாத பிணங்களையும் அப்புறப்படுத்தினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1919இல் பதவிகளைத் துறந்து காங்கிரசில் சேர்ந்து, பிற்காலத்தில் பெரியார் என்று பெயர் பெற்று, மாரியம்மனையும் மற்ற தெய்வங்களையும் ஓயாமல் மறுத்துப் பேசிய அதே மனிதரை, மாரியம்மன் பக்தர்கள் நிறைந்த அதே ஊர் எப்படிச் சகித்துக்கொண்டது என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வெள்ளைக்காரச் சிப்பாய் பிணத்தைத் தூக்கினால் அது பறிமுதல். பக்கத்துத் தெரு மண்டிக்காரர் தூக்கினால் அது கைங்கரியம். கிருமிக்கு இவ்விரண்டும் ஒன்றே. ஆனால் அடுத்த வீட்டில் காய்ச்சல் கண்டவன் வெளியே வந்து சொல்வானா, உள்ளே ஒளிந்துகொள்வானா என்பது இந்த வித்தியாசத்தைப் பொறுத்திருக்கிறது.

ஒளிந்துகொள்வதன் விலை என்ன என்பதைக் கணக்காகவே சொல்லலாம். தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில், சராசரி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கும். பதினைந்து என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைந்து பேரில் பதினான்கு பேருக்குமேல் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தால்தான் ஒருவர் ஒருவருக்கும் குறைவாகவே கொடுக்க முடியும், சங்கிலி அறும். நூற்றுக்கு 93 என்று ஆகிறது. ஊசி போட்டும் பலிக்காத சிலரையும் கருதி 95 என்று வைத்திருக்கிறார்கள். காலிங்கராயன் வாய்க்காலின் கரை நூறு முழத்தில் தொண்ணூறு முழம் உறுதியாய் இருந்தும் மீதிப் பத்து முழத்தில் உடைந்தால், தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் வெளியேறும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான். பத்தில் ஒருவர் மட்டும் அவநம்பிக்கை கொண்டு ஒதுங்கினாலும் தட்டம்மைக்கு வழி திறந்துவிடுகிறது. மற்ற எந்த நோயிலும் அவநம்பிக்கைக்கு இவ்வளவு விரைவான தண்டனை இல்லை.

தமிழ்நாடு இதை அனுபவித்துப் பார்த்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அரசாங்கம் கிராமத் துணை நிலையங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. ஜாக்கிரதை என்ற முறையில் அது நியாயமே. ஆனால் வாசலுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மாவைத் தேடிப் பஸ் ஏறிப் போகவேண்டியதாயிற்று. முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 80.9 பேர், 2015-16 கணக்கெடுப்பில் 69.7. இந்தச் சரிவுக்கு அந்த ஒரு சம்பவமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடும் முயற்சி தொடங்கியபோது, வாட்ஸப் வழியாக வந்த வதந்தி நூற்றிருபது ஆண்டுக்கு முன் ஹாஃப்கின் ஊசிக்கு வந்ததேதான்: மலடாகிவிடும், உயிர் போய்விடும். இம்முறை தயங்கி நின்றவர்களில் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த படித்த பெற்றோர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதை, அறியாமை என்ற விளக்கத்தில் திருப்தி அடைகிறவர்கள் கவனிக்கவேண்டும். ரூபெல்லா ஊசியின் நோக்கமே, இன்றைய சிறுமி நாளை கர்ப்பிணியாகும்போது அவள் வயிற்றுக் குழந்தை குருடாகவோ செவிடாகவோ பிறக்காமல் காப்பது. அதற்கே மலட்டுப் பழி வந்தது.

ஒரு மரணம் ஊசிக்குப் பின் வந்தது என்பதற்கும் ஊசியால் வந்தது என்பதற்கும் உள்ள பேதத்தை, 2021 ஏப்ரலில் நடிகர் விவேக்கின் மறைவு எல்லோரையும் யோசிக்க வைத்தது. ஜனங்கள் பயப்படக் கூடாது என்பதற்காகவே ஏப்ரல் 15ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கக் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட அவர், மறுநாள் மயங்கி விழுந்து, 17ஆம் தேதி அதிகாலை காலமானார். இருதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஓர் எளிய கணக்கு: தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் சுமார் 6 பேர் இறக்கிறார்கள், லட்சம் பேரில் 600, ஆகவே எந்த ஊசியும் இல்லாமலே, லட்சம் பேரில் எந்த இரண்டு நாளிலும் மூன்று பேராவது இறப்பார்கள். அப்போது ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். எல்லோருக்கும் ஒரே நாளில் மஞ்சள் கயிறு கட்டினாலும் இரண்டு நாளுக்குள் அத்தனை பேர் இறந்தே தீருவார்கள், கயிற்றின் மேல் பழியும் விழும். இந்தக் கணக்கை ஊசி போடும் இயக்கம் தொடங்கும் முன்பே ஜனங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மரணத்துக்குப் பிறகு சொன்னால் அது சமாதானம் என்றே காதில் விழும். மத்திய அரசின் ஆய்வுக் குழு, இம்மரணம் ஊசியால் நேர்ந்ததன்று என்ற முடிவை அவ்வாண்டு அக்டோபரில்தான் வெளியிட்டது. ஹாஃப்கினுக்கு ஐந்து ஆண்டு, இதற்கு ஆறு மாதம். முன்னேற்றம்தான், ஆனால் ஊசிக்குத் தயங்கியவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள்தான் இரண்டாம் அலையைக் கடந்தார்கள்.

தமிழ்நாட்டில் கொரோனாவை முன்னதாகக் கண்ட மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. 2020 மார்ச்சில் தாய்லாந்திலிருந்து வந்திருந்த பயணிகளில் இருவருக்கு ஈரோட்டில் நோய் உறுதியாயிற்று. மார்ச் 22ஆம் தேதி மத்திய அரசு முடக்கச் சொன்ன மாவட்டங்களில் தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு ஆகிய மூன்றே இருந்தன. மாவட்டத்தில் 70 பேருக்கு நோய் கண்டது; ஒருவர் இறந்தார்; பெருந்துறையில், ஜனங்கள் இன்னும் சானிடோரியம் என்றே சொல்கிற பழைய காசநோய் மருத்துவமனை வளாகத்து மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்று மற்றவர்கள் வீடு திரும்பினார்கள்; ஏப்ரல் 28இல் மாவட்டத்தில் ஒரு நோயாளிகூட இல்லை. நோய் கண்டவர்களில் பலர் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களாயிருந்தமையால், ஊரின் பேச்சு எந்தத் திசையில் திரும்பக்கூடும் என்பது வெளிப்படை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து தமிழக சுகாதாரத் துறை தன் அன்றாட அறிக்கையில், நோய் கண்டவர்களில் பலர் போய்வந்த டெல்லி மத மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவியது என்று மட்டும் குறிப்பிட்டது. நோய்க்கு மதச்சாயம் பூசவேண்டாம் என்று வெளிப்படையாகவும் கேட்டுக்கொண்டது. தன்னைக் குற்றவாளியாக நடத்துகிற அலுவலகத்துக்கு யாரும் தானாக வந்து தொண்டையைத் திறந்து காட்டமாட்டான். தானாக வந்து காட்டுகிறவர்கள் இல்லையேல், தொற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு உபாயம் இல்லை.

அதே ஆண்டில் எதிரான உதாரணமும் கிடைக்கிறது. நோய் கண்டவர் வீட்டு வாசலில் நகராட்சி ஆட்கள் வந்து தகரம் அடித்தார்கள். 'தகரம் அடிச்சுருவாங்க' என்ற பயம், நோய்ப் பயத்தைவிடப் பெரிதாகி, காய்ச்சல் கண்டவர்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மௌனமாயிருக்கக் காரணமாயிற்று. வாடகை வீட்டுக்காரனைக் காலி செய்யச் சொல்லவும், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் விலக்கவும் அந்தத் தகரம் அத்தாட்சியாயிற்று. தறிக்காரரும் மஞ்சள் மூட்டை சுமப்பவரும், 'ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் வருமாமுங்க, கூலி யார் கொடுப்பாங்க?' என்று கேட்டால் அதைத் தடுப்பூசி எதிர்ப்பு என்று எழுதிக்கொள்வது மடமை; அது சரியான வரவு செலவுக் கேள்வி. பிளேக் பாஸ்போர்ட்டுக்குத் தப்பி வண்டிப்பாதையில் நடந்தவனும் அதே கேள்வியைக் கேட்டவன்தான்.

2021 மே மாதக் கடைசியில் கோவையின் அன்றாட நோயாளிகளின் எண்ணிக்கை சென்னையையும் மிஞ்சிற்று. அம்மாத முற்பகுதியில் புதிய அரசு பதவி ஏற்றிருந்தது. கோவை மாவட்டத்துப் பத்துத் தொகுதிகளும் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கே போயிருந்தன. எனவே தடுப்பூசியிலும் படுக்கையிலும் கொங்கு மண்டலம் வேண்டுமென்றே புறக்கணிக்கப்படுகிறது என்ற பேச்சு எழுந்தது. மே 30ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் ஈரோடு, திருப்பூர், கோவைக்கு வந்து, கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பாதுகாப்புக் கவசம் அணிந்து நோயாளிகள் இருந்த வார்டுக்குள்ளேயே போனார். அதை வெறும் காட்சி என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம், ஆனால் அதிகாரி வார்டுக்கு வெளியே நிற்கிறாரா உள்ளே வருகிறாரா என்பதை ஜனங்கள் பார்க்கிறார்கள், பார்த்து நினைவில் வைக்கிறார்கள், ஈரோட்டின் பிளேக் நாட்களிலிருந்து இது மாறவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஊசிக்குத் தயங்கிய மேற்கு மாவட்டங்களில் அப்போது விடியுமுன்னே டோக்கனுக்கு வரிசை நின்றது. பயம் இடம் மாறியிருந்தது. வரிசையில் நின்று ஊசி இல்லை என்று திரும்பியவர்களின் மனத்தாங்கல், வதந்தியால் வந்த தயக்கத்தைவிட நியாயமானது.

177 நாடுகளின் கொரோனா அனுபவத்தை ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2022 பிப்ரவரியில் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. கொள்ளை நோய்க்குத் தயாராக இருப்பதாக நாடுகள் காகிதத்தில் வாங்கியிருந்த மதிப்பெண்கள், தொற்றின் அளவோடு எதிர்பார்த்த சம்பந்தம் உடையனவாகக் காணப்படவில்லை. சம்பந்தம் உடையதாய் இருந்தது நம்பிக்கை. எல்லா நாடுகளிலும் அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு டென்மார்க்கில் உள்ள அளவு நம்பிக்கை இருந்திருந்தால் தொற்று நூற்றுக்கு 13 பங்கு குறைந்திருக்கும் என்றும், ஜனங்கள் ஒருவரை ஒருவர் அந்த அளவு நம்பியிருந்தால் 40 பங்கு குறைந்திருக்கும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். இது தொடர்பைக் காட்டும் கணக்கு, காரணத்தை நிரூபிக்கும் கணக்கல்ல. எனினும் இரண்டாவது எண் முதலாவதைவிட மூன்று மடங்கு பெரிதாயிருப்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காங்கோ நாட்டில் எபோலா பரவிய பேனி, புட்டெம்போ என்ற இரு ஊர்களில் 2018இல் 961 பேரை விசாரித்தபோது, உள்ளூர் அதிகாரிகள் தங்கள் நன்மைக்காக நடப்பார்கள் என்று நம்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நோயே பொய் என்றவர்கள் நான்கில் ஒரு பங்கு. அது பல ஆண்டுகளாக ஆயுதக் கும்பல்களால் கொலையுண்டு வந்த பிரதேசம். தங்களைக் கொலையிலிருந்து காக்காத அரசாங்கம் காய்ச்சலிலிருந்து மட்டும் காக்க வந்தபோது அவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்கும் மருந்துகளில் மிகக் கசப்பானது தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்வது. 2020இல் சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த மரணங்கள் பல அரசின் அன்றாட அறிக்கையில் இல்லை என்ற புகார் எழுந்தது. ஒரு குழு விசாரித்தது. ஜூலை 22ஆம் தேதி 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அரசாங்கம் மறைத்தது என்று அன்று திட்டினார்கள். திட்டுவது ஜனங்களின் உரிமை. ஆனால் ஒப்புக்கொண்டு திருத்திய கணக்கை மறுநாள் நம்பலாம்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. 2020இல் ஊரடங்குக் காலத்தில் அதுவும் பயன்பட்டது. அவ்வாண்டு அதைத் திருத்தி, மருத்துவ ஊழியரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை சேர்த்தார்கள். சென்னையில் ஒரு மருத்துவரின் சடலத்தைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்த கொடுமைக்குப் பிறகு அப்படி ஒரு விதி வேண்டியதுதான். ஆயினும் நோய்க் காலத்தில் மரணக் கணக்கை ஊர் ஊராக நாள்தோறும் வெளியிட வேண்டும், ஊசிக்குப் பின் நேர்ந்த ஒவ்வொரு மரணத்தையும் குறித்த காலத்துக்குள் விசாரித்து முடிவைச் சொல்லவேண்டும், தனித்திருக்கச் சொன்னவனுக்கு அத்தனை நாள் கூலி கொடுக்கவேண்டும் என்று அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, அடுத்த நோய் வருமுன் அந்த வரியைச் சேர்க்கும்படி கேட்கவேண்டும்.